ஆறு யோசனையில் எது முதலில்

அன்புள்ள சவரிக்கு,

நான் டாக்கீஸ் கொட்டகைக்குப் போய் இரண்டு நாள் படம் பார்த்தேன் என்று காட்டூரில் உன் பெரியப்பா வீட்டில் பேசிக்கொள்வதாக உன் மனைவி எழுதியிருந்தாள். அது தவறு. நான் போனது மூன்று நாள். படம் ஒரு நாளும் பார்க்கவில்லை. வெள்ளைச் சேலை கட்டிய கிழவி தவக்காலத்தில் கூத்துப் பார்க்கப் போனாள் என்று சொல்கிறவர்கள், எதற்காகப் போனாள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் எனக்கு ஆட்சேபம் இல்லை. படம் தொடங்குவதற்கு முன்னும், சுருள் மாற்றும் இடைவேளைகளிலும், கண்ணாடியில் எழுதிய விளம்பரங்களைத் திரையில் காட்டுகிறார்கள் அல்லவா, அவற்றைப் பார்க்கப் போனேன். படம் ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு செபமாலை சொன்னேன். பக்கத்தில் இருந்தவள் நான் காசு கொடுத்துத் தூங்குகிறேன் என்று பரிதாபப்பட்டுத் தோளைத் தட்டி எழுப்பினாள். இதுதான் நடந்தது. உன் பெரியப்பாவுக்கும் இதையே சொல்லிவிட்டேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை; வர வேண்டிய அவசியமும் இல்லை.

நான் போனதற்குக் காரணம் நீ. பிள்ளைகளுக்கான உன் படப் பத்திரிகை நான்கு இதழோடு நின்றது. நீ திண்டுக்கல்லில் மாமனார் வீட்டுக்குப் போனாய். பெரியப்பா ரயில் ஆபீஸில் உனக்கு ஒரு குமாஸ்தா வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறார். வருகிறாயா இல்லையா என்று இந்த மாதக் கடைசிக்குள் அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். இந்த நேரத்தில் நீ எனக்கு ஆறு யோசனைகளை எழுதி அனுப்பியிருக்கிறாய். பிள்ளைகளுக்குப் பட அட்டைகள், படம் போட்ட கல்யாணப் பத்திரிகை, சினிமாக் கொட்டகைக்குக் கண்ணாடி விளம்பரங்கள், சுருட்டுப் பெட்டிகளுக்கு லேபில், கூந்தல் தைலம், வாடகை சைக்கிள். கடைசியில், "இவற்றில் எதை முதலில் செய்வது என்று அம்மா சொன்னால் அதையே செய்கிறேன்" என்று முடித்திருந்தாய். மற்ற எதையும்விட அந்த வரிதான் எனக்குக் கோபத்தை உண்டாக்கியது. நான் சொல்லி நீ செய்தால், கெட்டுப்போகும்போது அது என் தொழில், நன்றாக நடக்கும்போது அது உன் தொழில். அந்தப் பங்குக்கு நான் உடன்பட மாட்டேன். ஆனால் எதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். தேர்ந்தெடுக்க வேண்டியவன் நீ.

உன் அப்பா விசிறி விற்ற கதையை ஊரில் நகைச்சுவையாகச் சொல்வார்கள், நீயும் கேட்டிருப்பாய். அவர்கள் சொல்வது பாதிதான். பாலக்கரை வீட்டு முன்னறையில், கல்லில் வரைந்து தாளில் அச்செடுக்கிற கல்லச்சை வைத்துச் சுருட்டுக்காரர்களுக்கு லேபில் போட்டுக்கொண்டிருந்தவர் அவர். நல்ல கை, உன் கை அவருடையது. ஒரு வருஷம் ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. கத்திரி வெயில், கிராமத்து ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள், விசிறி இல்லாமல் முடியாது. பனையோலை விசிறி எல்லாரும் விற்கிறார்கள், நாம் கனத்த அட்டையில் பெருமாள் படத்தை மூன்று வண்ணத்தில் அச்சடித்து, மூங்கில் குச்சி கட்டி விற்போம் என்றார். ஒரு வண்ணம் அச்சடித்து முடித்ததும் கல்லைத் தேய்த்து, அடுத்த வண்ணத்துக்கு மறுபடி வரைந்து, மாதக்கணக்கில் வேலை. நீ அப்போது கைக்குழந்தை. உன்னை என் தங்கையிடம் விட்டுவிட்டு நானும் ஜட்காவில் அவரோடு போனேன். மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் கடை விரித்தோம்.

முதலில் வந்தவள் மருங்காபுரிப் பக்கத்துக்காரி. படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு குச்சியைத் திருகித் திருகிப் பிடுங்க ஆரம்பித்தாள்.

"அம்மா, அம்மா! என்ன பண்றே? அது விசிறி" என்று உன் அப்பா பதறினார்.

"ஏங்க, சாமியைக் கையில புடிச்சு ஆட்டிக்கிட்டு விசிறிக்கச் சொல்றீங்களா? வேர்வை படும், எச்சி படும், கூட்டத்துல கீழ விழுந்தா எவ காலாவது படும்."

"காத்து எப்படி வருதுன்னு பாரேன்."

"காத்துக்கு என் முந்தானை இருக்கு. இவருக்கு எங்க வீட்டுல மாடம் இருக்கு. குச்சிய நீங்களே வச்சுக்கங்க."

கூட வந்தவள், "குச்சி இல்லாட்டி விலையில கொறைப்பீங்களா?" என்று கேட்டாள். உன் அப்பா ரோஷத்தில், "குச்சியோடதான் தருவேன்" என்றார். "அப்ப குச்சி அடுப்புக்கு ஆச்சு, குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் பாதிக்கு மேல் விற்றது. ஒருத்தரும் விசிறிக்கொள்ளவில்லை. குச்சிகள் எங்கள் காலடியில் குவிந்தன. நான் அங்கேயே சொன்னேன்: "இனிமே குச்சி கட்டாதீங்க. இவங்க படம் வாங்கறாங்க." அவர் என்ன சொன்னார் தெரியுமா? "நான் யோசிச்சது விசிறி. விசிறி போகலேன்னா அது தோல்விதான்." வீட்டுக்கு வந்ததும் கல்லைத் தேய்த்துவிட்டார். அடுத்த மாதம் சர்பத் பாட்டில் லேபில், அதற்கடுத்த மாதம் காற்றாடி. அடுத்த சித்திரையில் பெரிய கடைவீதிக்காரர் ஒருவர், குச்சி இல்லாத பெருமாள் படங்களோடு அதே மூலையில் நின்றார். அவர் வீடு இன்றும் மாடியோடு நிற்கிறது.

ஊரார் சொல்கிறபடி உன் அப்பா தோற்றவர் அல்ல. விற்றது, ஜனங்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார்கள். ஆனால் அது அவர் நினைத்த பொருளாக இல்லை; அதனால் அதை விட்டுவிட்டு அடுத்த யோசனைக்குப் போனார். அவருக்கு யோசனைக்குக் குறைவே இருந்ததில்லை, உனக்கும் இல்லை. உன் ஆறையும் பார்த்தபோது எனக்குப் பயம் வந்தது அதனால்தான். புதிதாக ஒன்றைத் தொடங்குவது சந்தோஷமான காரியம், ஒத்துக்கொள்கிறேன். வாங்குகிறவர் நம் பொருளைத் திருகிப் பிடுங்கும்போது பேசாமல் நின்று பார்ப்பது கடினம். உன் பத்திரிகையில் நடந்ததும் அதுதானே? பிள்ளைகள் கதையைப் படிக்காமல் நீ வரைந்த தெருக்களில் தங்கள் வீட்டைத் தேடினார்கள் என்று நீயே சொல்லிச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை.

உன் அப்பா காலமான பிறகு நான் என்ன செய்தேன் என்பதைப் பற்றியும் ஊரில் ஒரு கதை உண்டு, கன்னியாஸ்திரிகள் என்மேல் இரக்கப்பட்டு வேலை கொடுத்தார்கள் என்று. யாரும் இரக்கப்படவில்லை, நானும் கேட்கவில்லை. கான்வென்டில் எனக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்திருந்தார்கள், மிக நன்றாகப் பின்னுவேன். எல்லாரும் அதையே செய்யச் சொன்னார்கள். செய்தும் பார்த்தேன். துரைசானிகள் வந்து, கையில் எடுத்து, ஆகா என்பார்கள். ஒரு காலர் வாங்குவார்கள். அதே ஆள் மறுபடி வந்ததில்லை. ஒரு காலர் ஒரு ஆயுளுக்குப் போதும். புகழ்கிறவர்கள் நிறைய, திரும்பி வருகிறவர்கள் இல்லை. எனக்கு நன்றாக வந்த வேலையை நான் விட்டேன். அது எனக்கு வருத்தம்தான், ஆனால் விட்டேன். கல்லச்சைத் துடைத்து, ஆள் வைத்து, படம் போட ஆரம்பித்தேன். அந்தோணியார், லூர்து மாதா, ஸ்ரீரங்கத்துப் பெருமாள், சமயபுரத்து அம்மன். கல்யாணத்துக்கு ஒன்று, புது வீட்டுக்கு ஒன்று, திருநாளுக்கு ஒன்று என்று ஜனங்கள் திரும்பி வந்தார்கள்.

அப்போதிருந்த பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நீ ஞானஸ்நானம் வாங்கினவதானே அம்மா? உன் வீட்டுல எப்படி அந்தப் படமெல்லாம் அச்சாகுது?"

"கல்லுலதான் சாமி. அந்தோணியாரும் அதே கல்லுதான்."

"விளையாடாதே."

"விளையாடலைங்க. பீடத்துல விரிச்சிருக்கிற துணியை உறையூர்ல நெஞ்சவங்க யாரைக் கும்பிடறாங்கன்னு சாமி கேட்டதுண்டா?"

காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் விக்கிரக வியாபாரிகளைப் பற்றிப் பேசினார். நான் முன் வரிசையில் உட்கார்ந்து முழுவதும் கேட்டேன். அந்தோணியார் திருநாள் வந்தபோது, செப அட்டைகள் வேண்டும் என்று உபதேசியாரை அனுப்பினார். நல்ல தாளில் போட்டுக் கொடுத்தேன்.

படம் போடுவதையும் ஒரு நாள் நிறுத்தினேன். வடக்கேயிருந்து ஜரிகைத் தூள் ஒட்டிய படங்கள் வந்தபோது, சித்திரைத் தேரில் ஒரு பெண் என் படத்தைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, "மினுமினுப்பு இல்லீங்களா?" என்று கேட்டுக் கீழே வைத்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவளும் அதையே கேட்டாள். என் படத்தில் முகம் நன்றாக இருக்கும், மினுமினுப்பில் ஒன்றும் இல்லை என்று நான் அவர்களோடு வாதாடியிருக்கலாம். வாதாடவில்லை. இருந்ததை விற்றுவிட்டு முடித்தேன். அந்தத் தொழிலில் வந்த காசில் நீ காலேஜ் வரைக்கும் படித்து முடித்திருந்தாய், அது போதும். எனவே ஒரு தொழிலைத் தொடங்கும் முன்பே, என்ன கண்டால் நிறுத்துவேன் என்று உனக்குள் சொல்லி வைத்துக்கொள். பத்திரிகை விஷயத்தில் நீ அதைச் செய்யவில்லை. நான்காவது இதழ் தேவையில்லாத இதழ்.

இனி உன் ஆறு. வாடகை சைக்கிளை முதலில் அடித்துவிடு. அது உன் யோசனை அல்ல, உன் மைத்துனருடையது. அவர் சைக்கிள் பைத்தியம், நடத்தட்டும். கூந்தல் தைலத்தைப் பற்றி நீ முக்கால் பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் எண்ணெயைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பாட்டிலின்மேல் தலை விரித்து நிற்கும் பெண்ணை வரைய உனக்கு ஆசை. அவளை வரைந்து வைத்துக்கொள், எண்ணெய் விற்காதே. பட அட்டைகள் உன் பத்திரிகைதான், சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. அதன்மேல் உனக்கு உள்ள பிரியம் எனக்குத் தெரியும். அதை விட்டுவிடு என்று சொல்லவில்லை. காயம் ஆறாத இடத்தில் உடனே கை வைக்காதே என்கிறேன்.

அதற்குப் பிறகு நான் கவனித்த விஷயம் எனக்கே ஒப்பவில்லை. அட்டைகள், கல்யாணப் பத்திரிகை, லேபில், தைலப் பாட்டிலின் சீட்டு, இந்த நான்கும் உனக்கு ஏன் தோன்றின? முன்னறையில் கல்லச்சு கிடப்பதால் தோன்றின. அது அங்கே இல்லாவிட்டால் இவற்றில் ஒன்றையாவது நீ நினைத்திருப்பாயா? அப்பாவின் கல், அம்மாவின் கல், வீணாகப் போகக் கூடாது என்று நினைக்கிறாய். சுருட்டுக்காரர்கள் இப்போது லேபிலை மொத்தமாக மெட்ராஸில் போட்டு வாங்குகிறார்கள். கல்யாண வீட்டார் மெஷின் அச்சகத்துக்குப் போகிறார்கள். இது எனக்குத் தெரிவதைவிட உனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் எழுதியிருக்கிறாய், எனக்காக. நான் அந்தக் கல்லைக் கல்லறைபோலக் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று பெரியப்பா எல்லாரிடமும் சொல்கிறார். அதையும் இங்கே திருத்திவிடுகிறேன். உறையூரில் அதை வாங்க ஆள் இருக்கிறார். நீ வேண்டாம் என்று எழுதினால் மறுநாளே வண்டியில் ஏற்றி அனுப்புவேன். கிடக்கிற சாமானுக்காக ஒருத்தன் தன் தொழிலைத் தேர்ந்தெடுப்பது எனக்குச் சம்மதமில்லை. அது நான் முப்பது வருஷம் துடைத்து வைத்த சாமானாக இருந்தாலும் சரி.

ஆறில் கல்லைக் கேட்காத, உன் கையை மட்டும் கேட்கிற யோசனை ஒன்றே ஒன்று, கண்ணாடி விளம்பரம். அதை நல்லது என்று நான் சொல்லவில்லை. நேரில் பார்க்காமல் எதையும் சொல்லக் கூடாது என்பதால் கொட்டகைக்குப் போனேன். பெண்கள் பக்கத்தில் மணல் தரையில் உட்கார்ந்தேன். திரையில் ஒரு குடைப்படம் விழுந்தது, அதைச் சுற்றி ஏழெட்டு வரி எழுத்து.

"என்னடி அது, குடையா?"

"குடைதான். மழைக்கு முன்னாடி வாங்கச் சொல்றான்."

"எந்தக் கடையில?"

"எழுதியிருக்கான்ல?"

"என்னன்னு?"

"எழுத்துத் தெரிஞ்சா நான் ஏன்டி உன்கூட மணல்ல உக்காந்திருக்கேன்?"

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். "ஏம்மா, பார்த்தா படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. எந்தக் கடைன்னு சொல்லுங்க." நான் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் குடை போய்ச் சுருட்டு வந்துவிட்டது. படித்தவளுக்கும் அந்தக் கதிதான். மறுநாள் மூக்குக்கண்ணாடியோடு தயாராகப் போய் ஒவ்வொன்றையும் உரக்கப் படித்துச் சொன்னேன். கடைப் பெயரைச் சொன்னால், "பேரு யாருக்கு வேணும்? தெப்பக்குளத்துக்கு எந்தப் பக்கம், அதைச் சொல்லுங்க" என்கிறார்கள். மூன்றாம் நாள் எனக்கு இடம் பிடித்தே வைத்திருந்தார்கள். ஊரில் கிளம்பிய பேச்சு அங்கிருந்து கிளம்பியதுதான்.

இதை நீ யோசித்துப் பார். அந்தக் கண்ணாடிகளை எழுதுகிறவர் போர்டு எழுதுகிறவர். அவருக்கு எழுத்துத்தான் தெரியும். காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. கடை இருக்கிற தெருவையே வரைந்து, குளத்தின் படி, எதிர்ச் சந்து, வாசலில் கட்டியிருக்கும் ஆடு என்று காட்டினால், பார்த்தவள் நேராக நடந்து போய்விடுவாள். அப்படித் தெரு வரைகிறவன் இந்த ஊரில் யார் இருக்கிறான்?

நான்காம் நாள் குடைக்கடைக்கே போனேன். பெரிய கடைவீதியில் இருக்கிற வயதான பாய், உனக்கும் பழக்கமானவர்தான். விளம்பரத்தைப் பற்றிக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அதை ஏம்மா கேக்கறீங்க? போன வாரம் பூரா என் குடையைத் தலைகீழா காட்டிட்டான். புடி மேல, துணி கீழ. வவ்வால் என்ன விலை பாய்னு கேட்டுட்டுப் போறானுங்க. உங்க மவன் வரைஞ்சா நேரா நிக்குமா?"

"வரைஞ்சா நேரா நிக்கும். வரைவான்னு நான் சொல்லல."

"வரைஞ்சா ஒன்னு கொண்டாரச் சொல்லுங்க, பார்க்கறேன். இன்ஷா அல்லாஹ்."

அவ்வளவுதான் பேச்சு. அவர் வாங்குவதாகச் சொல்லவில்லை, நானும் உன் பெயரில் வாக்குக் கொடுக்கவில்லை. இதில் உள்ள கஷ்டங்களையும் சொல்கிறேன். மழைக்காலத்தில் கொட்டகையைப் பிரித்துவிடுவார்கள். பிறகு ஊருக்குள் கட்டட டாக்கீஸ்காரரிடம்தான் போக வேண்டும், அவர் சுலபமான ஆள் இல்லை. விளக்குச் சூட்டில் கண்ணாடி மேலுள்ள வண்ணம் வெடிக்கிறது, என் கண்ணால் பார்த்தேன். அதற்கு என்ன வண்ணம் என்று நீ தேட வேண்டும். ஆனால் ஒரு கண்ணாடி வரைந்து பார்க்க ஒரு வாரம் போதும். கல்யாணப் பத்திரிகையைச் செய்து பார்க்க ஒரு முகூர்த்த காலமே காத்திருக்க வேண்டும், தைலத்துக்கு முழு வருஷம். சீக்கிரம் தெரிந்துவிடுகிற யோசனையை முதலில் வைப்பது புத்தி. அது பொய்த்துப்போனாலும் மற்றவை கெட்டுப்போகாமல் இருக்கும்.

நேற்று உன் பெரியப்பா வந்தார். நீ வேலைக்குச் சம்மதம் என்று நானே எழுதிக் கொடுத்துவிட வேண்டுமாம். முன்னறையில் அவர் நூல் மூட்டைகளை அடுக்கிக்கொள்வாராம்.

"ஏம்மா, ஆறு யோசனை வச்சிருக்கிறவன்கிட்ட ஒரு யோசனையும் இல்லேன்னு அர்த்தம்" என்றார்.

"ஒன்னுகூட இல்லாதவங்களுக்கு அது அப்படித்தான் தெரியும்" என்றேன்.

"நாளைக்கு இந்த வேலை போயிடும். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

"இன்னிக்கும் நான் கேக்கலையே."

மூட்டைக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டேன். கல் இருந்தாலும் போனாலும் அந்த அறை உனக்குத்தான், ஒரே ஒரு தொழிலுக்கு. ஆறுக்கும் அதில் இடம் இல்லை.

ரயில் ஆபீஸ் வேலையை நான் கேவலமாக நினைப்பதாகவும் சொல்கிறார்கள். நினைக்கவில்லை. அது ஒழுங்கான வேலை, நீ ஒழுங்காகச் செய்வாய். அதற்குப் போவதானால் விரும்பிப் போ. எதைத் தொடங்குவது என்று தெரியாத குழப்பத்தில் போய் விழாதே. அப்படிப் போனவன் அங்கே உட்கார்ந்துகொண்டு ஏழாவது யோசனை யோசித்துக்கொண்டிருப்பான், ஆபீஸுக்கும் ஆக மாட்டான், வீட்டுக்கும் ஆக மாட்டான்.

எனக்கு வேண்டியது உன் பதில். எந்த ஒன்று, அதை முதலில் யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவாய், என்ன கண்டால் நிறுத்துவாய் என்று எழுது. வேலைக்குத்தான் போகிறாய் என்றால் அதையும் எழுது. அந்தக் கடிதத்தையும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தே படிப்பேன். உன் மனைவியை எழுதச் சொல்லாதே, ஆள் மூலம் சொல்லி அனுப்பாதே. மாதம் முடிவதற்குள், உன் கையெழுத்தில், மையால் எழுதி அனுப்பு.

உன் அம்மா